திங்கட்கிழமை வயிற்றுவலி

எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுவன் இரண்டு மாதங்களில் நான்கு முறை நம் மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டான். நான்கு முறையும் வயிற்றுவலி. இரத்தம், சிறுநீர், மலம் ஆகியவற்றைப் பரிசோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், பூச்சி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். எதிலும் குறை தெரியவில்லை. நான்காம் முறை அவனைப் பார்த்த மருத்துவர் பழைய சீட்டுகளை மேசைமேல் பரப்பி, தேதிகளை நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நான்கும் திங்கட்கிழமைகள். 'வலி உண்மையானது, ஆனால் அது வயிற்றில் தொடங்கியதாகத் தெரியவில்லை' என்று குறிப்பெழுதி, அவனை எங்களிடம் அனுப்பி வைத்தார்.

நாங்கள் மனநலப் பிரிவிலிருந்து பள்ளிகளுக்குச் செல்லும் சிறு குழுவினர். மருத்துவ உளவியலாளர் ஒருவர், சமூகப் பணியாளர் இருவர், வாரம் ஒரு நாள் எங்களோடு வரும் மனநல மருத்துவர் ஒருவர். வெளிநோயாளர் பிரிவின் கடைசி அறையில் வாசகர்களில் சிலர் எங்களைப் பார்த்திருக்கக்கூடும். வாரத்தில் மூன்று நாட்கள் அவ்வறை பூட்டியிருப்பதைக் கண்டு குறைப்பட்டவர்களும் உண்டு. அந்நாட்களில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. இதில் வரும் பிள்ளைகளை யாரும் அடையாளம் காணாதபடி வயது, வகுப்பு, குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

பள்ளிகளுக்குச் செல்லத் தொடங்கியதற்குக் காரணம் எளியது. பிள்ளைகள் எங்களிடம் வருவதில்லை. வருகிறவர்களும் வெகு தாமதமாக வருகிறார்கள். மனநலப் பிரிவின் பெயர்ப்பலகைக்குக் கீழே மகளோடு அமர்ந்திருப்பதை உறவினர் யாரேனும் பார்த்துவிட்டால், நாளை அவள் திருமணப் பேச்சில் அது வந்து நிற்குமே என்று ஒரு தாய் எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். அவ்வச்சத்தைப் பழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால், நிம்ஹான்ஸ் நிறுவனம் முன்னின்று நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் ஏறத்தாழ மூவர். அந்த மூவரும் எங்கள் கடைசி அறையைத் தேடி வரப்போவதில்லை என்றால், நாங்கள்தான் அவர்கள் இருக்குமிடம் செல்ல வேண்டும்.

சென்றோம்; சென்ற முதல் ஆண்டு தவறுகளால் நிறைந்தது. ஒரு பள்ளியில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட அறை தலைமையாசிரியர் அறைக்கு அடுத்தது. மின்விசிறி, கண்ணாடி பதித்த மேசை, சுவரில் தலைவர்களின் படங்கள் என மரியாதையோடுதான் கொடுத்தார்கள். மூன்று மாதங்கள் வரை தானாக வந்து கதவைத் தட்டிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. வந்தவர்கள் அனைவரும் அனுப்பப்பட்டவர்கள்: சண்டையிட்டவன், கைப்பேசி கொண்டுவந்தவன், பின்வரிசையில் அமர்ந்து சிரித்தவன். 'இவனைக் கொஞ்சம் திருத்தி அனுப்புங்கள்' என்பதே எங்களுக்கு வந்த வேண்டுகோள். ஒரு நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து மாணவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்து, அவர்கள் கவுன்சிலிங்குக்குச் செல்ல வேண்டும் என்று அறிவித்தார்கள். பெயர்ப் பட்டியலை முன்னதாகத் தாருங்கள் என்று கேட்டவர்கள் நாங்களேதாம். ஆகவே அப்பிழையைப் பள்ளியின் தலையில் ஏற்றுவது முறையன்று. அன்றிலிருந்து அப்பள்ளியில் 'கவுன்சிலிங்' என்ற சொல் பிரம்புக்கு அடுத்த தண்டனையின் பெயராயிற்று.

மறு ஆண்டு நூலக அறையின் ஒரு மூலையைக் கேட்டுப் பெற்றோம். நூலகத்துக்குள் நுழைய யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு புத்தக அலமாரிகளைச் சற்று நகர்த்தினால் அதுவே தடுப்பாகிவிடும். பேசுவது வெளியே கேட்காது. நாற்காலிகளை எதிரெதிரே போடாமல், இருவரும் சன்னலை நோக்கும்படி சாய்வாகப் போட்டோம். பதின்வயதுப் பிள்ளைகள் கண்ணைப் பார்த்துப் பேசுவதைவிட வேப்பமரத்தைப் பார்த்துப் பேசுவதையே விரும்புகிறார்கள். மதிய உணவு இடைவேளையில் அங்கே அமர்ந்திருந்தோம். முதலில் வந்தவள் ஓர் ஊக்கு கிடைக்குமா என்று கேட்டு வந்தாள். அடுத்த வாரமும் ஊக்கு கேட்டாள். மூன்றாம் வாரம்தான் தான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொன்னாள். எங்கள் பையில் இப்போது எப்போதும் ஓர் அட்டை ஊக்கு இருக்கிறது.

என்னென்ன சொல்கிறார்கள் என்று பெற்றோர் கேட்பதுண்டு. தேர்வு பற்றிய அச்சம் நிறைய வருகிறது. அதைவிட அதிகமாக வருவது நட்பு முறிவு. பெரியவர்களுக்கு அது அற்பமாகத் தோன்றலாம். நேற்றுவரை ஒரே டப்பாவில் சாப்பிட்ட தோழி இன்று வேறு வரிசையில் போய் அமர்ந்துவிட்டாள் என்பது பன்னிரண்டு வயதில் ஏறக்குறைய ஓர் இழவுக்கு நிகர். தந்தையின் குடிப்பழக்கம், நிறத்தையும் உடலையும் பற்றிய கேலி, காதலா என்று தெரியாத ஒன்று, இரவு இரண்டு மணி வரை கையை விட்டு இறங்காத கைப்பேசி, வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசாத பெற்றோருக்கிடையே செய்தி சுமக்கும் வேலை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நோய்ப்பெயர் கிடையாது, மருந்தும் தேவையில்லை. முழுமையாகக் கேட்பதற்கு ஒருவர் இருந்தால் பாதி இறங்கிவிடும். மீதிப் பாதிக்கு நாங்கள் கற்றுத் தருபவை மிகச் சாதாரணமானவை: உறங்கும் நேரத்தை ஒழுங்காக்குவது, பயம் வரும்போது உடலில் நேர்வதைப் பெயரிட்டுச் சொல்வது, பெரிய வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது, யாரிடம் உதவி கேட்கலாம் என்று மூன்று பெயர்களை எழுதி வைப்பது.

எங்களுக்குக் கவலை தருபவர்கள் சண்டையிடுகிறவர்கள் அல்லர். அவர்களை எப்படியும் யாரேனும் கவனித்துவிடுவார்கள். யாருக்கும் தொல்லை தராமல், கேட்டால் 'ஒன்றுமில்லை மிஸ்' என்று சொல்லி, மெல்ல மெல்ல மங்கிப்போகும் பிள்ளைதான் தவறிப்போகும். அத்தகையவர்களைக் கண்டுபிடிக்க எங்களிடம் உள்ள சிறந்த கருவி எந்த வினாத்தாளும் அன்று. வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேடு. எந்தக் கிழமைகளில் வரவில்லை, எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்பதைப் பார்த்தால் பாதிக் கதை தெரியும். மீதியை ஆசிரியர்கள் சொல்கிறார்கள்: கையெழுத்து மாறிவிட்டது, உடற்கல்வி நேரத்தில் நிழலில் அமர்ந்துவிடுகிறாள், மதிய உணவைத் திறப்பதே இல்லை. முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஓர் ஆசிரியையின் கண் பல வேளைகளில் எங்கள் அளவுகோல்களை முந்திவிடும்.

அப்படியானால் இவ்வேலையை ஆசிரியர்களே செய்துவிடலாமே என்று ஒரு கேள்வி எழும். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் இதையே ஆராய்ந்தார்கள். ஒரே வகையான நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும், சில பள்ளிகளில் ஆசிரியர்களும் நடத்தினார்கள். அந்த ஆலோசகர்கள் மருத்துவப் பட்டமோ உளவியல் பட்டமோ பெற்றவர்கள் அல்லர். 2018 இறுதியில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த முடிவின்படி, ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வின் அறிகுறிகளும் ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. ஆசிரியர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பாடம், தேர்வு, பதிவேடு, கூட்டம் என்று அவர்கள் தோளில் ஏற்கனவே சுமை மிகுதி. மேலும், நாளை தனக்கு மதிப்பெண் போடப் போகிறவரிடம் இன்று மனம் திறக்க ஒரு பிள்ளை தயங்குவது இயல்பே.

இனி, பெற்றோர் எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்விக்கு வருகிறோம். 'என் பிள்ளை உங்களிடம் என்ன சொன்னான்?'

இக்கேள்வியைக் கையாளத் தெரியாமல் நாங்கள் ஒரு மாணவியை இழந்தோம். பதினோராம் வகுப்பு. ஒரு விசேஷ வீட்டில் உறவினர் ஒருவர் அவள் உடலைக் கேலி செய்தது முதல், மதிய உணவைத் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள். மூன்று சந்திப்புகளுக்குப் பிறகே இதைச் சொன்னாள். அவள் எடையும் பொதுவான உடல்நிலையும் உடனடி ஆபத்தைக் காட்டவில்லை, நேரம் இருந்தது. ஆனால், அவள் தாய் தொலைபேசியில் அழுதபடி கேட்டபோது, எங்களுள் ஒருவர் நல்லெண்ணத்தோடு அனைத்தையும் சொல்லிவிட்டார். அன்றிரவு தாய் தட்டை முன்னே வைத்து, அவள் உண்டு முடிக்கும் வரை எதிரில் அமர்ந்திருந்தார். 'வீட்டு விஷயத்தை வெளியே போய்ச் சொல்வாயா' என்ற சொல்லும் வந்தது. மறுவாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவள் வகுப்பிலிருந்தே யாரும் வரவில்லை. 'அந்த அக்காகிட்ட சொன்னா அம்மாகிட்ட போயிடும்' என்ற செய்தி பன்னிரண்டாம் வகுப்புவரை பரவியிருந்தது. அவள் பள்ளியை முடித்துச் சென்றுவிட்டாள். எங்களிடம் திரும்பி வரவே இல்லை. தாயை ஒருமுறை மருந்தகத்தின் வரிசையில் பார்த்தோம். மகள் நலமா என்று கேட்டோம், நலம் என்றார். அதற்குமேல் கேட்கும் உரிமை எங்களுக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வழக்கத்தை மாற்றினோம். எந்தப் பிள்ளையிடமும் முதல் நிமிடத்திலேயே, அவர்கள் எதையும் சொல்லத் தொடங்கும் முன்பே, எல்லையைச் சொல்லிவிடுகிறோம். நீ சொல்வது இந்த அலமாரிக்கு இப்பால் இருக்கும். உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினாலோ, உன்னால் இன்னொருவருக்கு ஆபத்து என்று தோன்றினாலோ, யாரேனும் உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தாலோ மட்டும் நாங்கள் பிறரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அப்போதும் உன்னிடம் சொல்லிவிட்டே சொல்வோம். மூன்றாவதில் எங்களுக்குத் தெரிவு என்பதே இல்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மறைத்தால் அதுவே தண்டனைக்குரியது. குடும்ப மானம் கருதி விட்டுவிடுங்கள் என்று எங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சியவர்கள் உண்டு. அந்தக் கையை உதறாமலே மறுக்க வேண்டியிருக்கிறது. இவ்வேலையில் அதைவிடக் கடினமான பொழுது வேறில்லை.

மற்றவற்றைப் பெற்றோரிடம் பிள்ளையே சொல்லும்படி உதவுகிறோம். எதைச் சொல்லலாம், எதை இப்போது வேண்டாம் என்பதை அவர்களோடு அமர்ந்து முடிவு செய்கிறோம். பின்பு தாய் தந்தையரை அழைத்து, பிள்ளையின் முன்னிலையிலேயே பேசுகிறோம். மாத்திரை தேவைப்படும் நிலை வந்தால் பெற்றோர் அறியாமல் எதுவும் தொடங்கப்படுவதில்லை என்பதையும் இங்கே உறுதியாகச் சொல்கிறோம். பள்ளியில் நாங்கள் மருந்து தருவதே இல்லை.

உயிருக்கு ஆபத்து என்று சொன்னோம். அதைச் சுற்றி வளைக்காமல் பேசுவதே நல்லது. வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று பிள்ளையிடம் நேரடியாகக் கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை. கேட்கப்பட்ட பிள்ளை பெரும்பாலும் ஆறுதலே அடைகிறது. ஏனெனில், தனியாகச் சுமந்துகொண்டிருந்ததைக் கீழே வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. 'செத்துப் போறேன்' என்று சொல்கிறவர்கள் செய்யமாட்டார்கள் என்னும் பேச்சை நம்ப வேண்டாம். சொன்னால், அன்றே எங்களிடம் அழைத்து வாருங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும், விவசாய வீடுகளில் பூச்சிக்கொல்லிகளையும் பூட்டி வையுங்கள்; சில மணி நேரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். முயன்று பிழைத்தவரைச் சட்டம் தண்டித்துவிடும் என்றஞ்சி மருத்துவமனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்கிறது; அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது.

பொதுத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில் நாங்கள் விடுப்பு எடுப்பதில்லை. மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் 2017-இல் நிறுத்தினார்கள். நல்ல முடிவு, ஆனால், உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளையும் முச்சந்தியில் நிற்கும் பிளெக்ஸ் பலகைகளையும் எந்த அரசாணையும் நிறுத்திவிட முடிவதில்லை. தேர்ச்சி பெறாதவர் ஓராண்டு காத்திராமல் துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஒரு செய்தியை, முடிவு வருவதற்கு முன்பே வீட்டில் ஒருமுறை இயல்பாகச் சொல்லி வையுங்கள். வந்த பிறகு சொல்வது காதில் ஏறாது. எங்களை அடைய முடியாத நேரத்தில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும், தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் இலவசமாகப் பேசலாம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இவ்வெண்களைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்த தந்தை ஒருவர், தம் மகனைவிடத் தாமே முதலில் அழைத்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

திங்கட்கிழமைச் சிறுவனுக்குத் திரும்புகிறோம். அவன் தந்தை சுமை வண்டி ஓட்டுபவர். மகனுக்குக் கண்ணேறு பட்டிருக்கலாம் என்று பாட்டி தாயத்துக் கட்டியிருந்தார். அதை நாங்கள் அவிழ்க்கச் சொல்லவில்லை. இரண்டு வாரம் நூலக மூலையில் கிரிக்கெட் பற்றி மட்டுமே பேசினான். எந்த ஆட்டக்காரர் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதெல்லாம் நாவின் நுனியில் இருந்தது. மூன்றாம் வாரம், அலமாரியிலிருந்த ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தை எடுத்து ஒரு பத்தி படித்துக் காட்டச் சொன்னோம். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

அவன் வகுப்பில் திங்கட்கிழமை முதல் பாடவேளை தமிழ். வரிசைப்படி ஒவ்வொருவராக எழுந்து பாடத்தை உரக்க வாசிக்க வேண்டும். எழுத்துகள் அவனுக்கு இடம் மாறின. 'ன'வும் 'ள'வும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்பின. ஒரு வரி முடிவதற்குள் வகுப்பு சிரித்துவிடும். கணக்கை மனத்திலேயே போட்டுவிடுகிற பையன். ஏழு ஆண்டுகளாகச் சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தான். முறையான சோதனைகளில் அது கற்றல் குறைபாடு, டிஸ்லெக்சியா என்று தெரிந்தது.

தந்தையிடம் இதைச் சொன்ன மாலையை நாங்கள் மறக்கவில்லை. 'மூளையில் கோளாறா?' என்று கேட்டார். இல்லை என்றோம். அறிவு குறைவன்று, எழுத்தை ஒலியாக மாற்றும் வழி மட்டும் அவனுக்குக் கரடுமுரடானது என்று விளக்கினோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மதிப்பெண் பட்டியல் வந்த நாட்களில் பெல்ட்டால் அடித்திருப்பதாகச் சொன்னார். மகன் அருகில்தான் இருந்தான். தந்தை அழுவதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை போலும். எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தான்.

கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. உரிய மருத்துவச் சான்று இருந்தால், பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைப் பெறலாம். அச்சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்; இன்னும் கைக்கு வரவில்லை. தமிழாசிரியை உரக்க வாசிக்கும் முறையை மாற்றி, விரும்புகிறவர்கள் மட்டும் கை தூக்கலாம் என்றார். இதனால் இன்னும் மூன்று பிள்ளைகள் நிம்மதியடைந்ததாக அவரே பின்னர்ச் சொன்னார். சிறப்புப் பயிற்சிக்கு வாரம் இருமுறை வருகிறான். முன்னேற்றம் மெதுவாகவே இருக்கிறது.

இப்போது அவன் ஒன்பதாம் வகுப்பு. இந்தப் பருவத்தில் இரண்டு திங்கட்கிழமைகள் வரவில்லை என்று பதிவேடு காட்டியது. ஒன்றில் உண்மையிலேயே காய்ச்சல். இன்னொன்றைப் பற்றி அவனிடம் கேட்டோம். உள்ளூரில் கிரிக்கெட் போட்டி இருந்ததாம். கண்டிக்க வேண்டிய வேலை தந்தையுடையது என்று விட்டுவிட்டோம்.